மாவுக்கட்டு இறுகும் நேரம்

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு சேதி எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டுமென்றால் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டியதில்லை, மாவுக்கட்டுக்காரர் காதில் போட்டால் போதும். காலையில் எக்ஸ்ரே அறையில் யாராவது தும்மினால், மதியம் கேன்டீனில் அந்தத் தும்மலுக்கு வைத்தியம் சொல்ல நாலு பேர் தயாராக இருப்பார்கள். அப்படி ஒரு வாய் அவருக்கு. ஆனால் கையைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. இருபத்தாறு வருடமாக, உடைந்த கைகால்களுக்குக் கட்டுப் போடுகிறார். அவர் போட்ட கட்டு கோணிக்கொண்டது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

மாவுக்கட்டில் ஒரு சங்கதி உண்டு. ஈரத்துணியைச் சுற்றி முடித்தவுடன் வேலை முடிந்துவிடாது. மாவு இறுகும்வரை, எலும்பு நகராமல், உடைந்த இடத்தை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திப் பிடித்திருக்க வேண்டும். விரல் நுனி பட்டால் மாவில் பள்ளம் விழும். பள்ளம் விழுந்தால் உள்ளே தோல் புண்ணாகும். ஆகவே உள்ளங்கைதான். ஐந்து நிமிடம், சில சமயம் எட்டு. மாவு மெல்லச் சூடேறும். பிடித்திருப்பவரும் அசையக்கூடாது, பிடிபட்டவரும் அசையக்கூடாது. முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் சும்மா உட்கார்ந்திருப்பது? பேசித்தான் ஆக வேண்டும். அவருடைய வாய் வளர்ந்ததே இப்படித்தான்.

ஒரு திங்கட்கிழமை, கேன்டீன் வாசலில் மேசை போட்டு, சின்ன டாக்டரம்மா பேட்ஜ் கொடுத்துக்கொண்டிருந்தார். எலும்புப் பிரிவில் பயிற்சியில் இருக்கும் பெண். ஒல்லியாக, நாலு பேர் வேலையை ஒரே ஆளாகச் செய்கிறவர். மாவுக்கட்டுக்காரருக்கோ பேட்ஜ் என்றால் கொள்ளை ஆசை. கை கழுவும் வாரம், ரத்ததானம், தீத்தடுப்பு என்று ஆஸ்பத்திரி எதற்குக் கொடுத்தாலும் வாங்கிக் குத்திக்கொண்டு, ராணுவத் தளபதி மாதிரி நடப்பார். இது ஏழு வண்ணத்தில் பட்டை பட்டையாக இருந்தது. கட்டுப் போட வரும் குழந்தைகள் அழுதால் காட்டத் தோதாக இருக்கும் என்று கையை நீட்டிவிட்டார்.

"இந்தப் பேப்பரைப் படிச்சுட்டு ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே."

கண்ணாடி பைக்குள் கிடந்தது. அதை எடுக்கச் சோம்பல். "எல்லாம் தெரிஞ்சதுதானேம்மா," என்று கையெழுத்தைப் போட்டு, காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

சின்ன டாக்டரம்மாவின் கண் கலங்கிவிட்டது. "நீங்க வாங்குவீங்கன்னு நான் நினைக்கவே இல்லைண்ணே," என்றார். ஒரு பேட்ஜுக்கு இந்தப் பொண்ணு ஏன் இப்படி உருகுது என்று யோசித்துக்கொண்டே மாவுக்கட்டுக்காரர் டீ குடிக்கப் போனார்.

செவ்வாய்க்கிழமை, கணுக்கால் உடைந்து ஒரு அம்மா வந்தார். பஸ் ஓட்டுகிறவர். நல்ல உருட்டுக்கட்டைக் கைகள், குரலும் அப்படியே. கட்டைச் சுற்றி, பாதத்தை ஏந்திப் பிடித்தபோது அந்த அம்மாவின் கண் பேட்ஜ் மேல் போய் நின்றது.

"வெளிய குடையோட ஒருத்தங்க நிக்கிறாங்களே, அவங்களை என் அக்கான்னு சீட்டு எழுதற இடத்துல சொல்லிட்டேங்க. அக்கா இல்லை."

"பின்ன, தங்கச்சியா?"

"இல்லைங்க. பதினாலு வருஷமா அவங்கதான் என் குடும்பம்."

மாவுக்கட்டுக்காரர் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. ஆஸ்பத்திரிச் சட்டம் மட்டும் தெரியும். "குடும்பம்னா உள்ள வரலாமே. எதுக்கு வெயில்ல நிக்கறாங்க? கூப்பிடுங்க," என்றார். குடைக்கார அம்மா உள்ளே வந்து, பஸ் ஓட்டும் அம்மாவின் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டார். அவ்வளவு பெரிய உருவம் குலுங்கிக் குலுங்கி அழுதது. சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் மனிதருக்கு விஷயம் உறைத்தது. டம்ளர் வாய்வரை போய் அப்படியே நின்றுவிட்டது.

புதன்கிழமை ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் லேப்காரர் வந்தார். குளிர்பெட்டிக் கதவில் விரல் மாட்டிக்கொண்டதாம். தினமும் கேன்டீனில் சேர்ந்து உட்கார்ந்து ஊர்வம்பு பேசுகிற ஆள். விரலைப் பிடித்துக்கொண்டதும் ஆள் தலை குனிந்துகொண்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணே, நான் பொண்ணாப் பொறந்து, பொண்ணா வளர்ந்தவன். எட்டு வருஷமா இங்க இருக்கேன், ஒருத்தருக்கும் தெரியாது. பேட்ஜ் போட்டிருக்கீங்க, உங்ககிட்டயாவது சொல்லணும்னு தோணிச்சு."

மாவுக்கட்டுக்காரர் அந்த முகத்தையே பார்த்தார். எட்டு வருடம், தினமும் ஒரே மேசையில், ஒரே கேலி, ஒரே சிரிப்பு. இத்தனையையும் உள்ளே வைத்துக்கொண்டா இந்த மனுஷன் சிரித்தான் என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனால் கை நடுங்கவில்லை. நடுங்கினால் கட்டுக் கெட்டுவிடும். "விரலை ரெண்டு நாள் தொங்கப் போடாதப்பா. வீங்கிக்கும்," என்று மட்டும் சொன்னார். லேப்காரர் நிமிர்ந்து பார்த்து, பெருமூச்சு விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு புதிதாக இருந்தது.

அன்று மதியம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மடித்து வைத்த காகிதத்தை எடுத்துப் படித்தார். ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், பிறந்தபோது பிறர் சொன்ன பாலினத்தை விட்டுத் தம் பாலினத்தில் வாழ்கிறவர் என்று நோயாளியோ ஊழியரோ யார் வந்தாலும், இந்தப் பேட்ஜை அணிந்தவரிடம் பயமில்லாமல் பேசலாம். அணிந்தவர் முகம் சுளிக்காமல் கேட்பார். கேட்டதை ஒருவரிடமும் சொல்லமாட்டார். அடியில் அவருடைய கையெழுத்து, கோழி கிளறின மாதிரி.

ஒருவரிடமும் சொல்லமாட்டாராம்! ஓட்டமும் நடையுமாகச் சின்ன டாக்டரம்மாவைத் தேடிப்பிடித்தார்.

"ஏம்மா, இது எதுக்குன்னு தெரியாம வாங்கிட்டேன். நான் ஓட்டை வாய்ம்மா. இது எனக்குச் சரிப்படாது."

சின்ன டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "திருப்பிக் கொடுங்கண்ணே, தப்பே இல்லை. யாராவது உங்ககிட்ட எதாவது சொன்னாங்களா?"

"அதை எப்படிம்மா உங்ககிட்ட சொல்றது?" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

சின்ன டாக்டரம்மா சிரித்தார். "சரி. அப்படி யாராவது சொல்லியிருந்தா, நாளைக்கு உங்க சட்டையைப் பார்ப்பாங்க. பேட்ஜ் இல்லைன்னா ராத்திரி தூங்கமாட்டாங்க. எனக்கு அது தெரியும்ணே. அஞ்சு வருஷம் நான் அப்படித்தான் ஒவ்வொருத்தர் சட்டையாப் பார்த்துக்கிட்டுத் திரிஞ்சேன்."

அந்தப் பெண்ணைப் பற்றியும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பேட்ஜைக் கழற்றப் போன கை கீழே இறங்கிவிட்டது.

வீட்டில் சோதனை வேறு மாதிரி. தினமும் ஒரு மூட்டைச் செய்தியோடு வருகிற மனிதர் சோற்றைப் பிசைந்துகொண்டு சுவரைப் பார்த்தால் எந்த மனைவி விடுவாள்?

"ஏங்க, வேலை போயிடுச்சா?"

"இல்லை."

"பின்ன எதுக்கு வாயில மாவுக்கட்டு?"

சொல்லத் துடித்தார். சேதி தொண்டைக்குழி வரை வந்து நின்றது. லேப்காரரின் புதுச் சிரிப்பு ஞாபகம் வந்தது. தண்ணீரைக் குடித்து எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டு, "குழம்பு நல்லா இருக்கு," என்றார். மனைவி ஒரு நிமிடம் அவரையே பார்த்தாள். ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவுகட்டி, இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று மதியம் பேட்ஜ்காரர்கள் எல்லாரும் முன்புறப் புல்வெளியில் கூடி, வண்ணக்கொடி கட்டிக் கேக் வெட்டுவதாக ஏற்பாடு. இந்த ஆஸ்பத்திரியில் அப்படி ஒன்று நடப்பது அதுதான் முதல் தடவை. எத்தனை பேர் துணிந்து வந்து நிற்பார்கள் என்று சின்ன டாக்டரம்மாவுக்கே சந்தேகம். அதற்குக் காரணமும் இருந்தது. எலும்புப் பிரிவின் தலைமை டாக்டர், "பேட்ஜில் கிருமி தங்கும். ஆபரேஷன் தியேட்டருக்குள் அணியக்கூடாது," என்று சுற்றறிக்கை விட்டிருந்தார். கை கழுவும் வாரப் பேட்ஜுக்கு வராத கிருமி இதற்கு மட்டும் எங்கிருந்து வந்ததோ! ஆனால் அவரைக் கேட்க யாருக்குத் தைரியம்? அவருக்கு எல்லாரும் வைத்த பெயர் இடி. பயிற்சி டாக்டர்கள் அவர் செருப்புச் சத்தம் கேட்டே சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்வார்கள். அறுபதை நெருங்குகிறவர். கல்யாணம் ஆகவில்லை; அவருக்கு எலும்புதான் குடும்பம் என்று கேன்டீனில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியது யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

பதினொன்றேகால் மணிக்கு மாவுக்கட்டு அறைக் கதவு திறந்தது. இடி உள்ளே வந்தார். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"படியில விழுந்துட்டேன். மணிக்கட்டு. படம் எடுத்தாச்சு, எலும்பு விலகலை. வீங்கும், அதனால அரைக்கட்டுப் போதும். சீக்கிரம்." வலியிலும் உத்தரவு மட்டும் குறையவில்லை.

மாவுக்கட்டுக்காரர் பஞ்சைச் சுற்றி, மாவுப்பட்டையை நனைத்துப் பிழிந்து, வைத்துக் கட்டி, மணிக்கட்டை உள்ளங்கைகளில் ஏந்தினார். முப்பது வருடமாக இந்த ஊரின் எலும்புகளை நிமிர்த்திய கை அவர் கைக்குள் கிடந்தது. இடியின் கண் அவர் சட்டைப் பேட்ஜ் மேல் நின்றது.

"அந்தப் பேட்ஜுக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சுதான் குத்தியிருக்கியா?"

"முதல்ல தெரியாது சார். இப்ப தெரியும்."

"தெரிஞ்சுமா கழட்டலை?"

"கழட்டலை சார்."

மாவு சூடேறத் தொடங்கியது. இடி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆறாவது வார்டுல ஒரு கணக்கு வாத்தியார் இருக்கார். விடியக்காலைல வயித்து வலின்னு சேர்த்தோம். குடல் முறுக்கிக்கிட்டிருக்கு. பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷன்."

"தெரிஞ்சவரா சார்?"

"முப்பத்தோரு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம்."

மாவுக்கட்டுக்காரர் உள்ளங்கைகளை அசைக்காமல் பிடித்திருந்தார்.

"என் வீட்டு மாடியில குடியிருக்கிறவர்னு சொல்லித்தான் சேர்த்தேன். எல்லா இடத்துலயும் அதுதான் சொல்றது. கையெழுத்துன்னு வந்தா அவனோட அக்கா மகன் வந்து போடுவான். இன்னைக்கு அவன் வெளியூர்ல மாட்டிக்கிட்டான். எங்க பேஷண்ட் ரெண்டு பேர் அந்த வார்டுல இருக்காங்க, அதைச் சாக்கா வச்சு ரௌண்ட்ஸ் போனேன். பின்னாடி பயிற்சிப் பசங்க அஞ்சு பேர். சிஸ்டர் அவன்கிட்ட கேட்டாங்க, உங்க கூட இருக்கிறவங்க யாருமே இல்லையான்னு."

குரல் உடைந்தது. இடியின் குரல் உடைந்து அந்த ஆஸ்பத்திரியில் கேட்டவர் ஒருவரும் இல்லை.

"நான் கட்டில் கால்மாட்டுலதான்யா நிக்கறேன். என்னைப் பார்த்தான். பார்த்துட்டு, 'யாரும் இல்லம்மா, அப்படியே எழுதிக்கோங்க'ன்னான். என்னைக் காப்பாத்தறானாம். வயித்துல அவ்வளவு வலியை வச்சுக்கிட்டு என்னைக் காப்பாத்தறான். அவன் காலைக்கூடத் தொடாம திரும்பி வந்துட்டேன். படி எங்க இருந்ததுன்னே கண்ணுக்குத் தெரியலை."

முப்பத்தோரு வருடம்! தன்னால் ஒரு தும்மலை அரைநாள் மறைக்க முடியவில்லை. இந்த மனிதர் ஒரு வாழ்க்கை முழுவதையும் மறைத்து வைத்துக்கொண்டு, தினமும் காலையில் வந்து ஊரை அதட்டியிருக்கிறார். மலையைப் பார்க்கிற மாதிரி மாவுக்கட்டுக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயித்தைத் திறந்து பார்த்தப்புறம் எதாவது முடிவெடுக்கணும்னா யாரைக் கேட்பாங்க? யாரும் இல்லாதவனுக்கு சூப்பரின்டென்டென்ட் கையெழுத்துப் போடுவார். அவன் யாரோ, இவர் யாரோ." இடி கண்ணைத் திறந்தார். "அந்த பேட்ஜைப் பார்த்தாலே எனக்கு வேர்க்கும். அதனாலதான் அந்தச் சுற்றறிக்கை. கிருமியாவது ஒண்ணாவது."

மாவு இறுகிவிட்டது. மாவுக்கட்டுக்காரர் கையை எடுத்தார். மணி பதினொன்று முப்பத்தைந்து.

"நானும் கூட வரேன் சார்."

"எங்க?"

"ஆறாவது வார்டுக்கு. ஃபாரம் எழுத ஆள் வேணுமே. உங்க வலது கைதான் கட்டுக்குள்ள இருக்கே."

இடி அவரை முறைத்தார். இன்னொரு நாளாக இருந்தால் அந்த முறைப்புக்கே மனிதர் மேசைக்கடியில் போயிருப்பார். இன்று அசையவில்லை. இடி எழுந்து நடந்தார். லிஃப்டுக்காக நிற்கவில்லை. விழுந்த அதே படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

ஆறாவது வார்டில் தள்ளுகட்டில் தயாராக நின்றது. பயிற்சி டாக்டர்கள் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். சின்ன டாக்டரம்மாவும் அவர்களோடு. கணக்கு வாத்தியார் மெலிந்த மனிதர். ஆபரேஷன் அங்கியில், வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தாரோ இல்லையோ, பாதி எழுந்துவிட்டார்.

"கைக்கு என்னடா ஆச்சு?"

வார்டில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. இடியை ஒருவர் 'டா' போட்டுவிட்டார். வாத்தியாருக்கும் அது உடனே உறைத்தது. "இல்லை... டாக்டர் சார், கை..." என்று தடுமாறினார்.

"இருக்கட்டும்," என்றார் இடி. "டான்னே கூப்பிடு."

வார்டு சிஸ்டர் கையில் ஃபாரத்தோடு நின்றார். விதி தவறாத மனுஷி. இடிக்கே பயப்படாத ஒரே ஆள்.

"சிஸ்டர், யாரும் இல்லைன்னு எழுதினீங்களே, அதை அடிச்சிடுங்க. கூட இருக்கிறவர் நான்."

சிஸ்டர் ஃபாரத்தை நீட்டினார். மாவுக்கட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாங்கி, பெயரை எழுதினார், விலாசத்தை எழுதினார். இரண்டு பேருக்கும் ஒரே விலாசம். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"உறவுன்னு இருக்கு சார்."

அவரே எழுதியிருந்தால் யாரும் பார்க்காமல் எதையாவது கிறுக்கியிருக்கலாம். இப்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பயிற்சி டாக்டர்கள் ஐந்து பேர், பக்கத்துக் கட்டில்காரர்கள், தரை துடைக்கும் அம்மா, எல்லாரும் நிற்கிறார்கள். வாத்தியார் தலையை மெல்ல ஆட்டினார்: வேண்டாம், சொல்லாதே.

"முப்பத்தோரு வருஷமா ஒண்ணா வாழறோம்," என்றார் இடி. சத்தம் போட்டே பழகிய மனிதர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கடைசிக் கட்டில்வரை கேட்டது. "அதுக்கு உங்க ஃபாரத்துல என்ன பேரோ, அதை எழுதிக்கோங்க."

சிஸ்டர்தான் நிதானமாகச் சொன்னார். "துணைவர்னு எழுதுங்க. எழுத்து விளங்கற மாதிரி இருக்கட்டும்."

எழுதினார். இருபத்தாறு வருடத்தில் அவ்வளவு அழகாக அவர் ஒரு வார்த்தை எழுதியதில்லை. இடி இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பார்த்தார். புழு நெளிந்த மாதிரி வந்தது. சிஸ்டர் தலையசைத்தார். "இது செல்லாது சார். கையெழுத்து ஒத்துப்போகலைன்னு எங்க ஃபாரத்தை எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருக்கீங்க?" மைப்பெட்டி வந்தது. அத்தனை பட்டம் வாங்கிய மனிதர் இடது கட்டைவிரலில் மையைத் தொட்டுக் கைநாட்டு வைத்தார். வாத்தியார் அந்த வலியிலும் சிரித்துவிட்டார்.

சிரித்தபோதுதான் சிஸ்டருக்கு ஞாபகம் வந்தது. தியேட்டருக்குப் போகுமுன் நோயாளியின் பொருள்களைக் கழற்றிக் கூட இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், அப்புறம் பல்செட். வாத்தியார் வெட்கத்தோடு முகத்தைத் திருப்பிக் கழற்றிக் கொடுத்தார். சிஸ்டர் பல்செட்டை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, எல்லாவற்றையும் இடியின் இடது கையில் வைத்தார்.

"பல்செட்டைக் காய விடாதீங்க சார். தண்ணியில போட்டு வைங்க."

"தெரியும் சிஸ்டர். பதினோரு வருஷமா தினமும் நான்தான் போட்டு வைக்கிறேன்."

சொல்லிவிட்டு, அந்தச் சின்ன டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். "வெளியில நாலு பேர் பார்க்க இவன் பொருள் ஒண்ணைக்கூட நான் கையில வாங்கினதில்லை," என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னார். சின்ன டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். தரை துடைக்கும் அம்மா ஓடிப்போய், டப்பாவில் ஊற்ற ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கட்டில் நகர்ந்தது. பொருள்களைக் கட்டுப் போட்ட கையால் அணைத்துக்கொண்டு இடி கூடவே நடந்தார், இடது கை கட்டில் கம்பி மேல். தியேட்டர் வாசல் வந்தது. சிவப்புக் கோட்டுக்கு அப்பால் நின்ற ஊழியர் இடியைக் கண்டதும் வழக்கம்போலக் கதவை அகலத் திறந்து பிடித்தார்.

"உள்ள வாங்க சார்."

"இல்லைப்பா. கூட வந்தவங்க வெளியதான் உட்காரணும்."

வாத்தியாரின் தலையைத் தடவிக் கொடுத்தார். கதவு மூடியது. தினமும் பத்து முறை அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போகிறவர், திரும்பி, சுவரோரப் பெஞ்சில் மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தார். மடியில் பல்செட் டப்பா. ஒரு பயிற்சி டாக்டர் பழக்கதோஷத்தில் ஏதோ எக்ஸ்ரே படத்தை நீட்டினார். "அப்புறம் பார்க்கலாம். இப்ப நான் டாக்டர் இல்லை," என்றார் இடி.

மாவுக்கட்டுக்காரர் தன் அறைக்குப் போய், காத்திருந்த இரண்டு பேருக்குக் கட்டுப் போட்டுவிட்டு, ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தார். வந்து பார்த்தால் கண்ணை நம்ப முடியவில்லை. வார்டில் நடந்ததை அத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், சேதி பரவ அவர் வாய் தேவைப்படவில்லை. புல்வெளியில் கூட வேண்டியவர்கள் தியேட்டர் வாசலில் கூடியிருந்தார்கள். மருந்துக்கடைப் பெண்கள் இரண்டு பேர், கை கோத்துக்கொண்டு. மூன்றாவது மாடியின் முரட்டு நர்ஸ் ஒருவர். ஆம்புலன்ஸ் டிரைவர். பேர்கூடத் தெரியாத நாலைந்து டாக்டர்கள். எல்லார் சட்டையிலும் அந்த ஏழு வண்ணம். கூட்டத்தின் நடுவில், விரல் கட்டோடு, நெஞ்சு நிமிர்ந்து, லேப்காரரும் நின்றார். அவர் சட்டையிலும் பேட்ஜ் இருந்தது. தியேட்டருக்குள்தானே தடை, வாசலுக்கு இல்லையே!

பெஞ்சில் இருந்த மற்ற சொந்தக்காரர்கள் விஷயம் தெரியாமலே நகர்ந்து இடம் கொடுத்தார்கள். சின்ன டாக்டரம்மா கேக்கை அப்படியே பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அதை வெட்டவும் மனமில்லாமல், வைக்கவும் இடமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு இடியின் பக்கத்தில் உட்கார்ந்தார். இடி தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இத்தனை வருடம் தான் அதட்டி ஓட்டிய முகங்கள். இவ்வளவு பேரா, இத்தனை நாளும் இங்கேயா இருந்தார்கள் என்கிற மாதிரி அவர் வாய் லேசாகத் திறந்து மூடியது. மாவுக்கட்டுக்காரருக்கும் அதே திகைப்புத்தான். இந்தக் கட்டடத்தில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று இருபத்தாறு வருடமாக மார்தட்டிய மனிதர், சுவரில் சாய்ந்து, வாயைத் திறக்காமல் நின்றார்.

ஒன்று நாற்பதுக்குத் தியேட்டர் கதவு திறந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தார். ஒரு காலத்தில் இடியிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர். கையில் இருந்த சீட்டைப் பார்த்து, எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டார்.

"கணக்கு வாத்தியார் கூட இருக்கிறவங்க யாரு?"

இடி எழுந்து நின்றார். "நான்தான்."

அந்த டாக்டர் நிமிர்ந்தார். ஒரு கணம் திகைத்தார். பிறகு இடியின் மடியிலிருந்து கைக்கு வந்துவிட்ட அந்த டப்பாவைப் பார்த்தார், பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். எந்தக் குடும்பத்திடமும் சொல்வதுபோல, நிதானமாகச் சொன்னார்.

"பயப்படாதீங்க. முறுக்கை எடுத்துவிட்டாச்சு. குடல் நல்லா இருக்கு, வெட்ட வேண்டி வரலை. மயக்கம் தெளிஞ்சுகிட்டிருக்கு."

ரத்த அழுத்தம் எவ்வளவு, எத்தனை பாட்டில் ஏற்றினீர்கள், யார் மயக்கம் கொடுத்தது என்று நூறு கேள்வி கேட்கத் தெரிந்த மனிதர் இடி. அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. முப்பது வருடமாக அந்த வாசலில் நின்று மற்றவர்கள் தன்னிடம் கேட்டதையே கேட்டார்.

"எப்ப பார்க்கலாம்?"